ஆற்றுத் திருவிழாவில் மலைக்கு ஓர் இடம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தைத் திங்கள் ஐந்தாம் நாள் மணலூர்பேட்டையில் நிகழும் ஆற்றுத் திருவிழா இவ்வவையோர் அனைவரும் சிறு பருவந்தொட்டு அறிந்த ஒன்று. அத்திருவிழாவில் கல்வராயன் மலைவாழ் மக்களின் ஆடலுக்கும் பாடலுக்கும் இடமளித்தல் தகுமா, தகுமெனின் எவ்வாறு அளித்தல் வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருளாகும். மேடையில் இன்னும் ஒரு நிகழ்ச்சியைக் கூட்டுவதுதானே, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆயின் ஒரு விழாவில் ஒருவர்க்கு இடம் எது என்னும் வினா, ஊரில் அவர்க்கு மதிப்பு எது என்னும் வினாவோடு பிணைந்தது. தேரின் வடத்தை யார் பற்றுவது, முதல் மரியாதை யார்க்கு என்பதற்காகத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் எத்தனை வழக்குகள் நடந்துள்ளன என்பதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

1. ஆற்றங்கரையின் இயல்பு

ஆற்றுத் திருவிழாவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பெருங்கோயில் விழாக்களில் ஒரு தெய்வமே தலைமை பெறும். ஊர் அத்தெய்வத்தைச் சுற்றி நிற்கும். ஆற்றுத் திருவிழாவிலோ பல தெய்வங்கள் ஓரிடத்துக்கு வருகின்றன. தென்பெண்ணையின் இருமருங்கிலும் உள்ள ஊர்களின் தெய்வங்கள் மணற்பரப்பில் வந்து இறங்குகின்றன. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரும் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகின்றார். அரசர்கள் எடுத்த கோபுரங்களுக்குரிய இறைவனும், ஓட்டுக் கூரையின் கீழ் வீற்றிருக்கும் சிற்றூர் அம்மனும் ஒரே நீரில் நீராடும் நாள் அது.

இதில் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஒவ்வோர் ஊரும் தன் தெய்வத்தைத் தானே சுமந்து வருகின்றது. தன் மேளத்தைத் தானே கொண்டு வருகின்றது. எப்பொழுது புறப்படுவது, எவர் தோள் கொடுப்பது, எப்பொழுது திரும்புவது என்பனவற்றை அவ்வூரே முடிவு செய்கின்றது. பிற ஊரார் அதைக் காண்கின்றனர், வணங்குகின்றனர். ஆயின் அவர்கள் அதை நடத்துவதில்லை. விருந்தினர் என்னும் நிலையில் எவரும் வருவதில்லை. வருவோர் யாவரும் உரிமையோடு வருகின்றனர். ஆற்றங்கரை வகுத்துத் தந்துள்ள இந்த ஒழுங்கே இவ்வுரையில் பின்னர்க் கூறப்படும் கருத்துகளுக்கெல்லாம் அடிப்படை.

கல்வராயன் மலைக்கும் இந்த ஆற்றுக்கும் தொடர்பில்லையே எனச் சிலர் கேட்கலாம். மலையின் நீர் பெரும்பாலும் கோமுகியாகவும் மணிமுத்தாறாகவும் ஓடி வெள்ளாற்றைச் சேர்வது உண்மையே. எனினும் அதே மலையில் தோன்றும் முஸ்குந்தா ஆறு வடக்கு நோக்கி வந்து தென்பெண்ணையில் கலக்கின்றது. எனவே மலையின் நீர் மணலூர்பேட்டைத் துறைக்கு முன்னரே வந்து சேர்ந்துவிட்டது. மலையின் மக்கள் வருவதே எஞ்சியுள்ளது.

2. மலையாளி என்னும் பெயர்

கல்வராயன் மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்னும் பொருளில் வழங்கும் இப்பெயருக்கும் கேரள மக்களின் பெயருக்கும் தொடர்பில்லை. இவர்தம் தாய்மொழி தமிழே. சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, சவ்வாது மலை ஆகிய இடங்களிலும் இவர்கள் வாழ்கின்றனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் தொகை 7,94,697. அவருள் மலையாளிகளே மிகுதியானவர். ஏறத்தாழ மூன்றரை இலட்சம் பேர்.

இம்மக்களின் தோற்றம் பற்றி அவர்களிடையே வழங்கும் கதையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளிவந்த தம் தொகுப்பில் பதிவு செய்துள்ளார். கரிராமன் என்னும் தெய்வம் காஞ்சியில் இருக்க மனம் கொள்ளாமல் வேறிடம் தேடிச் செல்ல, பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவர் தத்தம் குடும்பத்தோடு அத்தெய்வத்தைப் பின்தொடர்ந்து புறப்பட்டனர். வழியில் பிரிந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது அக்கதையின் சுருக்கம். வரலாற்று ஆசிரியர் இதனை எவ்வளவு ஏற்பர் என்பது வேறு செய்தி. ஆயின் அம்மக்கள் தம்மைப் பற்றித் தாமே கூறிக்கொள்ளும் கதையில் அவர்கள் கானகத்தில் பிறந்த விந்தை மனிதர்களாக வரவில்லை. தெய்வத்தின் பின்னால் நடந்த தமிழ்க் குடிகளாகவே வருகின்றனர். சமவெளியில் ஊர்கள் தெய்வத்தைச் சுமந்து ஆற்றுக்கு இறங்குகின்றன. மலைமக்களோ தெய்வத்தைத் தொடர்ந்து மேலேறிச் சென்றவர்கள். இவ்விரு நடைக்கும் இடையே உள்ள உறவு எளிதில் புலப்படும்.

அம்மலையின் அண்மைக் கால வரலாறு கசப்பானது. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் ஆகியோர் வழியினரின் ஜாகீர்களாக மலை பிரிந்து கிடந்தது. 1976ஆம் ஆண்டில் அரசு அதனை ஏற்கும் வரை மக்கள் ஜாகீர்தார்களுக்கே வரி செலுத்தி வந்தனர். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்தே மலைக்கு அரசின் நேரடி ஆட்சி வந்தது. 2019ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. ஆயினும் மலையின் பெயர் நாளிதழ்களில் பெரிதாக இடம்பெற்றது 2024 சூன் திங்களில்தான். கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட கொடுமையை ஒட்டியே அது இடம்பெற்றது. மலையில் காய்ச்சப்படும் சாராயம் பற்றி எழுதியவர் பலர். மலையில் பாடப்படும் பாட்டைப் பற்றி எழுதியவர் சிலரே. அதன் பின்னர்ச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலைமக்களின் வாழ்நிலை குறித்து வழக்கினை எடுத்துக்கொண்டமை, எத்தனை குறைகள் கேட்பாரற்றுக் கிடந்தன என்பதைக் காட்டும். ஒரு மக்கட் கூட்டத்தின் பெயரைக் குற்றத்தோடு மட்டும் சேர்த்து உச்சரிக்கப் பழகிய சமவெளிக்கு, அப்பெயரை வேறு வகையில் உச்சரிக்கும் வாய்ப்பு ஒன்று தேவைப்படுகின்றது. விழா அவ்வாய்ப்பை அளிக்க வல்லது.

3. இலக்கியம் காட்டும் உறவு

இவ்வட்டாரம் இலக்கியத்தால் பெயர்பெற்றது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள திருக்கோவலூர், மலையமான் திருமுடிக்காரியின் ஊர். கபிலர் தம் வாழ்வை முடித்துக்கொண்ட இடமாக அங்குள்ள குன்றைக் காட்டுவர். குறிஞ்சித் திணையைப் பாடுவதில் நிகரற்றவராகிய அப்புலவர் இறுதியில் வந்து சேர்ந்தது பெண்ணையாற்றங்கரை என்பது எண்ணத்தக்கது.

அக்காரியே கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரியைப் போரில் வீழ்த்தி, மலையைச் சேரனுக்கு அளித்தான் எனச் சங்க நூல்கள் கூறும். பெண்ணையாற்றங்கரையிலிருந்து மலைக்குச் சென்ற பழைய பயணங்களுள் ஒன்று படையெடுப்பாக அமைந்தது. தோற்ற ஓரிக்கு இன்று கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடித் திங்களில் அரசு விழா எடுக்கின்றது. வாளோடு சென்ற வழியில் வெற்றிலை பாக்கோடு செல்லும் காலம் இது.

மலைக்கும் கலைக்கும் உள்ள தொடர்பை விரிவாகக் காட்டும் நூல் மலைபடுகடாம். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய இப்பாட்டின் தலைவன் செங்கண்மா நகரத்து நன்னன். அச்செங்கண்மா இன்றைய செங்கம் என்பர். கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் இந்நூலுக்கு உண்டு. பரிசில் பெற்ற கூத்தன் ஒருவன், பரிசில் நாடி வரும் மற்றொரு கூத்தனுக்கு வழி கூறுகின்றான். இசைக்கருவிகளைச் சுமந்து கூத்தர் மலைவழியே செல்லும்போது, அங்குள்ள சிற்றூர் மக்கள் அவர்களை உறவினர்போல் ஏற்று உணவளிப்பர் என்று அவன் உறுதி கூறுகின்றான். வழியில் எழும் பல்வேறு ஒலிகளை நின்று கேட்குமாறும் சொல்கின்றான். அருவி, விலங்கு, தேனெடுப்போர், தினைப்புனம் காப்போர், குரவையாடுவோர் என அவ்வொலிகள் விரிகின்றன. நூலின் பெயரே அவ்வொலிகளிலிருந்து பிறந்தது. அக்காலத்தில் சமவெளிக் கலைஞர் மலைக்குச் சென்றபோது மலை அவர்களுக்குச் சோறும் இடமும் தந்தது. மலைக் கலைஞர் சமவெளிக்கு வரும்போது சமவெளி என்ன தரும் என்பதே இன்றைய வினா. இது பழைய கடன் ஒன்றைத் திருப்பித் தருவது போன்றது.

சிலப்பதிகாரம் இன்னும் ஆழமான பாடத்தைக் கற்பிக்கின்றது. வஞ்சிக் காண்டம் குன்றக் குறவரிடமிருந்தே தொடங்குகின்றது. வேங்கை மரத்தின் நிழலில் நின்ற கண்ணகியைக் கண்டவர் அவர்கள். அவளைத் தெய்வமாக ஏற்று முதலில் குரவையாடியவரும் அவர்களே. பின்னர்ப் பேரியாற்றங்கரை மணலில் சேரன் செங்குட்டுவன் தங்கியிருந்தபோது, மலையில் விளையும் அரும்பொருள்களைச் சுமந்து வந்து அவன்முன் நின்று தாம் கண்டதைக் கூறுகின்றனர். மன்னன் கேட்கின்றான், தேவி கேட்கின்றாள், புலவர் சாத்தனார் உடனிருந்து முன்கதையை விளக்குகின்றார். கண்ணகிக்குக் கோயில் எழுந்ததற்கு அவர்கள் கூறிய சொல்லே காரணமாயிற்று. இளங்கோவடிகளின் படைப்பில் மலைமக்கள் காணப்படும் பொருளாக நில்லாமல் கண்டவராகவும் கூறுபவராகவும் நிற்கின்றனர். அவர்கள் ஆற்றங்கரை மணலில் வந்து பேசினர். அரசவை அதைக் கேட்டது. மணலூர்பேட்டை மணலுக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுதாரணம் வேறு வேண்டுவதில்லை.

4. காட்சிப் பொருளாக்கும் பிழை

இந்நெறிக்கு மாறான வழக்கம் ஒன்று தமிழ்நாட்டில் வேரூன்றியுள்ளது. பள்ளி ஆண்டு விழாக்களில் 'மலைவாசி நடனம்' என்னும் பெயரால் நடப்பதை அனைவரும் கண்டிருப்பர். குழந்தைகளின் உடலில் கரி பூசி, இடையில் தழை கட்டி, தலையில் இறகு செருகி, கையில் ஈட்டி கொடுத்துப் பொருளற்ற ஒலிகளைக் கூவச் செய்வர். இக்கோலம் திரைப்படத்திலிருந்து வந்தது. எந்த மலையிலிருந்தும் வந்ததன்று. கல்வராயன் மலையிலிருந்து வந்து கீழே விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு சிறுமி, அந்த மேடையை நோக்கி அமர்ந்திருப்பதாக எண்ணிப் பார்க்கலாம். அவள் பேசுவது தமிழ். அவள் தாய் உடுத்துவது சேலை. மேடையில் கூவுவோரைத் 'உன் ஊர்க்காரர்' என்று பக்கத்தில் இருக்கும் தோழி சுட்டிக் காட்டும்போது அவள் என்ன மறுமொழி கூறுவாள்? இக்கேள்விக்கு விடை தேடாமல் விழா மேடையில் மலைக்கலையைச் சேர்த்தால், பள்ளி மேடையின் பிழை ஆற்றங்கரைக்கும் பரவும்.

இரண்டாவது பிழை காலத்தைப் பற்றியது. தெருக்கூத்து இரவு முழுதும் நடப்பது. அதனை நகர மேடைகளில் அரைமணி நேரத்துக்குச் சுருக்கியபோது அடவு எஞ்சியது, கதை மறைந்தது. அதே கூத்தைப் புரிசையில் கண்ணப்ப தம்பிரான் நினைவாக அவர் வழியினர் எடுக்கும் விழாவில் காண்போர், கலை தன் மண்ணில் தன் கால அளவோடு நிகழும்போது பெறும் வீறினை உணர்வர். மலைமக்களின் சேர்வையாட்டம் சவ்வாது மலைக் கோடை விழா போன்ற மேடைகளில் பல ஆண்டுகளாக இடம்பெற்று வருகின்றது. அது பயனுடையதே. ஆயின் திரையிசைக் குழுவுக்கும் பரிசளிப்புக்கும் இடையே பத்து நிமிடம் ஒதுக்கப்படும் ஆட்டம், ஆடுவோர்க்கும் காண்போர்க்கும் நிறைவு தருவதில்லை.

5. பிறநாட்டுப் பட்டறிவு

இச்சிக்கல் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. 1931ஆம் ஆண்டு பாரிசில் குடியேற்ற நாடுகளின் பொருட்காட்சி நடைபெற்ற வேளையில், நியூ கலிடோனியாத் தீவிலிருந்து அழைத்து வரப்பட்ட கனாக் மக்கள் ஒரு பூங்காவில் நரமாமிசம் உண்போராகக் காட்டப்பட்டனர். அவர்களுள் பிரெஞ்சு மொழி அறிந்தவரும் இருந்தனர். தம்மைப் பற்றிய பொய்யைத் தாமே நடித்துக் காட்டும் நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டனர். விழா மனிதரை இழிவு செய்யவும் வல்லது என்பதற்கு இது சான்று.

கனடா நாட்டின் கால்கரி நகரத்து விழா வேறொரு பாடம் தருகின்றது. ஸ்டாம்பீடு எனப்படும் அவ்விழா 1912இல் தொடங்கியது. தொடக்கம் முதலே அவ்வட்டாரத்துத் தொல்குடியினர் தம் கூடாரங்களோடு வந்து பங்கு கொண்டனர். 1914ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், மேற்கு மாநிலத் தொல்குடியினர் தம் மரபுடையில் ஆடவும் காட்சியளிக்கவும் அதிகாரிகளின் இசைவு வேண்டும் என விதித்தது. 1951 வரை அத்தடை நீங்கவில்லை. அத்தகைய காலத்தில், பிற இடங்களில் தடுக்கப்பட்ட ஆடலையும் உடையையும் பிள்ளைகளுக்குக் காட்ட விழாக்கூடாரமே அவர்களுக்கு இடமாயிற்று. காண வந்த வெள்ளையர் அதை வேடிக்கை என எண்ணினர். ஆடியவரோ அதை மரபின் தொடர்ச்சியாகக் கொண்டனர். கூடாரங்கள் குடும்பங்களின் வழிவழி உரிமையாக நிலைத்தன. 'இந்தியர் சிற்றூர்' என வழங்கிய அப்பகுதி 2018இல் 'எல்போ ஆற்று முகாம்' என்று பெயர் மாற்றம் பெற்றது. அங்கும் ஓர் ஆறே பெயர் தந்தது என்பது இனிய ஒற்றுமை.

இந்தியாவிலும் ஒரு சிறந்த சான்று உண்டு. தெலங்கானாவின் மேடாரத்தில் ஈராண்டுக்கு ஒருமுறை நிகழும் சம்மக்கா சாரலம்மா விழாவில் பல இலட்சம் மக்கள் கூடுகின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சமவெளியினர். ஆயினும் தெய்வத்தைக் காட்டிலிருந்து கொண்டு வரும் உரிமை கோயா பழங்குடிப் பூசாரிகளுக்கே உரியது. கூட்டம் எவ்வளவு பெருகினும் உரிமை கைமாறவில்லை. ஆற்றுத் திருவிழாவின் ஒழுங்கும் இதுவே என்பது மேலே காட்டப்பெற்றது.

6. செய்யத்தக்கன

இவற்றிலிருந்து மணலூர்பேட்டைக்குப் பொருந்தும் வழிகளை வகுக்கலாம்.

முதலாவது, அழைப்பு கீழிருந்து ஆணையாகச் செல்லக் கூடாது. விழாக் குழுவினர் மலைக்குச் சென்று ஊர்ப் பெரியோரையும், ஆடவரையும் பெண்டிரையும் ஒருங்கே கண்டு பேச வேண்டும். வர விருப்பம் உண்டா, எதைக் கொண்டு வருவர், எதைக் கொண்டு வாரார் என்பனவற்றை அவர்களே சொல்ல வேண்டும். திருமணத்துக்கு உரிய பாட்டு உண்டு. இறப்புக்கு உரிய பாட்டு உண்டு. தெய்வத்தின் முன் மட்டும் ஆடத்தக்க ஆட்டமும் இருக்கக்கூடும். எல்லாவற்றையும் எல்லா இடத்தும் காட்டுதல் எந்த மரபிலும் இல்லை. வாரோம் என்று அவர்கள் கூறினால் அதுவும் ஒரு விடையே; அதனை மதித்துத் திரும்புதல் வேண்டும்.

இரண்டாவது, நாளைப் பற்றியது. தைத் திங்கள் மலைக்கும் விழாக் காலம். மலையாளிகள் பொங்கலை ஒட்டி எருதாட்டம் நிகழ்த்துவதைத் தர்ஸ்டனின் நூலே கூறுகின்றது. தம் ஊர் விழாவை விட்டுவிட்டு அவர்கள் பிறர் விழாவுக்கு வர வேண்டும் என எதிர்பார்ப்பது முறையாகாது. தை ஐந்து அவர்களுக்கு ஒவ்வாதெனின், சமவெளியினர் ஒரு நாள் மலைக்குச் சென்று அவர்தம் விழாவில் பார்வையாளராக இருந்து வருதல் நன்று. மலைபடுகடாம் காட்டும் வழியும் அதுவே.

மூன்றாவது, ஊதியம். மேடைக்கு வரும் இசைக்குழுவுக்கு முன்பணம் தரப்படுகின்றது. ஊர்திக்கும் ஒலிபெருக்கிக்கும் வாடகை தரப்படுகின்றது. மலைக்கலைஞர்க்குப் பொன்னாடையும் கைதட்டலும் போதும் என்று எண்ணுதல் அநீதி. மலைப்பாதையில் இறங்கி வரும் பயணத்துக்கும், இழக்கும் நாட்கூலிக்கும், ஆடும் உழைப்புக்கும் உரிய தொகையை முன்னரே பேசி முடிவு செய்தல் வேண்டும்.

நான்காவது, சொல். நிகழ்ச்சியை அறிவிப்பவர் 'ஆதிவாசிகளின் அபூர்வ நடனம்' என்று முழங்குவதற்கு மாறாக, ஆட்டத்தின் பெயரையும் ஆடுவோரின் ஊரையும் அவர்கள் சொன்னவாறே சொல்ல வேண்டும். இயலுமாயின் அவர்களுள் ஒருவரே அறிவிப்பாளராக அமைதல் சிறப்பு. ஆட்டத்தின் பொருளை ஆடுவோர் கூறக் கேட்டால் வேடிக்கை பார்க்கும் கூட்டம் அவையாக மாறும்.

ஐந்தாவது, பதிவு. பெர்சி மாக்வீன் என்னும் ஆங்கில அதிகாரி திரட்டிய நாட்டுப்பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி' தமிழுக்குக் கிடைத்த அரும் செல்வம். அது போன்ற பாடல் தொகுப்புகளில் தொகுத்தவர் பெயர் நிற்கின்றது. பாடிய எளியோரின் பெயர் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றது. இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒளிப்பதிவுக் கருவி உள்ளது. பாடியவர் இசைவைப் பெறுதலும், அவர் விரும்பினால் பெயரைக் குறித்தலும், பதிவின் ஒரு படியை மலைப்பள்ளிகளுக்கு அளித்தலும் இலக்கிய வட்டம் போன்ற அமைப்புகள் மேற்கொள்ளத்தக்க பணிகள்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். திருவிழா என்பது தெய்வ வழிபாடு. அதில் புதியன புகுத்தலாமா என்பர். ஆற்றுத் திருவிழாவின் இயல்பே பலர் வந்து சேர்வதுதான் என்பது இதற்கு விடை. முன்னர் வாராத ஊரொன்று தன் தெய்வத்தைச் சுமந்து ஆற்றில் இறங்குமாயின், ஆறு அதனை விலக்குவதில்லை. வேறு சிலர், இத்தனை நிபந்தனைகள் விதித்தால் எதுவும் நடவாது, முதலில் மேடையேற்றுங்கள், குறைகளைப் பின்னர்ப் பார்க்கலாம் என்பர். இக்கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. கால்கரியின் விழாவும் குறைகளோடுதான் தொடங்கியது. எனினும் முதல் ஆண்டில் ஏற்படும் அவமதிப்பை மறக்க மலைக்குப் பல ஆண்டுகள் ஆகும். ஒரு குழு மட்டும் வந்தாலும் உரிய மதிப்போடு வருதல் போதும்.

முடிவுரை

மலைமக்களின் கலையை விழாவில் சேர்ப்பது அவர்களுக்குச் செய்யும் உதவி என்று கருதுவோர் உளர். மலைமேல் சாலையும் மருத்துவமனையும் நிலப்பட்டாவும் வேண்டி நிற்கும் மக்களுக்கு மேடையில் பத்து நிமிடம் தருவது உதவியாகாது. அவ்வுரிமைகளுக்கு ஈடாகவும் ஆகாது. விழாவால் பெரும்பயன் அடைவது சமவெளியே. சாராயத்தின் பெயரால் மட்டும் மலையை அறிந்தவர்கள், அதன் மக்களை நேரில் கண்டு, அவர் சொல்லைக் கேட்டு, தம் அறியாமையைக் கழுவிக்கொள்ளும் தீர்த்தவாரியாக அது அமையும்.

தை ஐந்தில் ஒவ்வோர் ஊரும் தன் தெய்வத்தைத் தன் தோளில் சுமந்து, தன் மேளத்தோடு, தான் குறித்த வேளையில் வருகின்றது. மலையும் அவ்வாறே வரட்டும். எதைச் சுமந்து வருவது என்பதை மலையே முடிவு செய்யட்டும். மணலில் அதற்கென ஓர் இடத்தை ஒழித்து வைத்துக் காத்திருப்பது மணலூர்பேட்டையின் கடமை.